பிரசவ வலிக்கு மூச்சுப் பயிற்சி: எழுபது ஆண்டுப் பாடங்கள்

நம் ஊர் லேபர் வார்டுகளில் மூச்சைப் பற்றி ஒரு பெண்ணின் காதில் விழும் வாசகம் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான்: "மூச்சைப் பிடிச்சு முக்கும்மா!" கருப்பை வாய் முழுதாகத் திறந்து, குழந்தையின் தலை இறங்கிய பிறகு சொல்லப்படுவது அது. முதல் பிரசவமென்றால் அதற்கு முன்பே பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இடுப்பு வலி விட்டுவிட்டு வந்திருக்கும். அந்த நேரம் முழுக்க எப்படி மூச்சு விடுவது என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லப்பட்ட அந்த ஒற்றை அறிவுரைக்கும் ஆதாரம் பலவீனம் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

மூச்சுப் பயிற்சி பிரசவ வலியைக் குறைக்குமா? இந்தக் கேள்விக்கு "வலியே தெரியாது" என்று உறுதி தருவோரும், "அதெல்லாம் பணக்காரப் பெண்களின் பொழுதுபோக்கு" என்று தள்ளுவோரும் இருக்கிறார்கள். கிடைத்திருக்கும் ஆய்வுகளைப் படித்த பிறகு எனக்குப் படுவது வேறு. மூச்சால் வலியைப் போக்க முடியாது. வலியோடு வரும் பயத்தையும், செய்வதறியாத தவிப்பையும் கணிசமாகக் குறைக்க முடியும். அதற்கும் மூச்சு மெதுவாக இருக்க வேண்டும், முன்கூட்டியே பழகியிருக்க வேண்டும், பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் பயன் வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. மருந்துக்குப் பதிலாக இதைத் திணித்தாலோ, பெண்ணின் மனஉறுதிக்கு வைக்கும் பரீட்சையாக மாற்றினாலோ, நன்மை போய்த் தீங்குதான் மிஞ்சும்.

இந்தத் துறையின் வரலாறே இதற்குச் சாட்சி. 1933-இல் இங்கிலாந்தின் மகப்பேறு மருத்துவர் கிராண்ட்லி டிக்-ரீட் 'இயற்கைப் பிரசவம்' என்ற நூலை வெளியிட்டார். பயம் உடலை இறுக்குகிறது, இறுக்கம் வலியைக் கூட்டுகிறது, வலி மறுபடி பயத்தைக் கிளப்புகிறது. இந்தச் சுழலை எங்காவது அறுத்துவிட வேண்டும் என்பது அவர் வாதம். அதற்கு அவர் காட்டிய வழி பிரசவத்தைப் பற்றிய அறிவும், உடலைத் தளர்த்தும் பயிற்சியும், நிதானமான மூச்சும். 'நாகரிகம்' தீண்டாத பெண்கள் வலியின்றிப் பெறுகிறார்கள் என்று அவர் நம்பியது அந்தக் காலத்து இனவாதக் கற்பனை, அதை ஒதுக்கிவிடலாம். பயத்துக்கும் வலிக்கும் இடையே அவர் கண்ட தொடர்பு ஒதுக்கிவிடக் கூடியதல்ல. 1978-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, பதற்றம் மிகுந்த பெண்களின் இரத்தத்தில் அட்ரினலின் கூடுதலாக இருந்ததையும், அதோடு சேர்ந்து கருப்பைச் சுருக்கங்கள் தளர்ந்து பிரசவ நேரம் நீண்டதையும் பதிவு செய்தது.

டிக்-ரீட் ஒரு தனி மருத்துவர். இதே யோசனையை ஓர் அரசாங்கமே கையிலெடுத்தது சோவியத் யூனியனில். போர் முடிந்த நாட்டில் மயக்க மருந்தும் இல்லை, அதைக் கொடுக்கத் தெரிந்த மருத்துவர்களும் போதவில்லை. கார்கோவ் நகரில் வெல்வோவ்ஸ்கி என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் பாவ்லோவின் நிபந்தனை அனிச்சைக் கொள்கையை வைத்து ஒரு முறையை வகுத்தார்கள். 'வலி' என்று கேட்டதுமே பயப்படும்படி பெண் பழக்கப்பட்டிருக்கிறாள்; வேறொரு பழக்கத்தை முன்பே ஊன்றிவிட்டால் மூளை வலிச் செய்தியை வேறு மாதிரி ஏற்கும் என்றார்கள். கர்ப்ப காலத்தின் இறுதி வாரங்களில் வகுப்பு, ஆழ்ந்த மெல்லிய மூச்சு, அடிவயிற்றை இதமாக வருடிக் கொள்ளுதல் ஆகியவையே பயிற்சி. 1951-இல் சோவியத் சுகாதார அமைச்சகம் இதை நாடெங்கும் நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது.

அதே ஆண்டு பாரிஸிலிருந்து வந்த ஃபெர்னாண்ட் லமாஸ் என்ற மருத்துவர், லெனின்கிராடில் ஒரு பெண் கூச்சலின்றிப் பிரசவிப்பதை நேரில் பார்த்து ஆடிப்போனார். திரும்பியதும் உலோகத் தொழிலாளர் சங்கம் நடத்திய மருத்துவமனையில் அந்த முறையைத் தொடங்கினார். தொழிற்சங்கத்தின் காசில், தொழிலாளர் வீட்டுப் பெண்களுக்காகத்தான் ஐரோப்பாவின் புகழ்பெற்ற இந்த மூச்சுப் பயிற்சி வேரூன்றியது. பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்போர் இதைத் தெரிந்து கொள்ள வேண்டும். 1956-இல் போப் பன்னிரண்டாம் பத்திநாதர், வலியில்லாப் பிரசவத்தை நாடுவது கிறித்தவ நெறிக்கு முரணானதல்ல என்று அறிவித்தது, கத்தோலிக்க நாடுகளில் இருந்த தயக்கத்தையும் உடைத்தது.

லமாஸ் செய்த இரண்டு காரியங்கள் பின்னால் சிக்கலாயின. சோவியத் முறையில் இருந்த மெல்லிய மூச்சோடு, வலி உச்சத்துக்குப் போகும்போது நாய் இளைப்பது போல் மேலோட்டமாக வேகமாக விடும் மூச்சையும் அவர் சேர்த்தார். பல தலைமுறைத் திரைப்படங்களில் 'ஹீ ஹீ ஹூ' என்று பிரசவக் காட்சிகளில் நாம் பார்த்தது அதன் வாரிசுதான். இரண்டாவது இன்னும் வருந்தத்தக்கது. பிரசவித்த பெண்களை அவர் தரம் பிரித்தார்: மிகச் சிறப்பு என்பதில் தொடங்கித் தோல்வி என்பது வரை. தலையசைக்காமல், கத்தாமல், கட்டளைப்படி மூச்சு விட்டவள் மேல் வரிசை. அலறியவள் கீழ் வரிசை. அவளுக்கு வலித்ததா என்பதைவிட, வலி வெளியே தெரிந்ததா என்பதே அளவுகோலாகிவிட்டது. "சத்தம் போடாதே, பக்கத்துக் கட்டில்ல எல்லாரும் பேசாம இல்ல?" என்று நம் வார்டுகளில் கேட்கும் அதட்டலுக்குப் பின்னாலும் இதே அளவுகோல்தான் நிற்கிறது. அடக்கத்தை அளந்துவிட்டு வலியை அளந்ததாக எண்ணிக் கொள்வது இந்தத் துறையைத் தொடக்கத்திலிருந்தே பிடித்திருக்கும் நோய்.

லமாஸின் மருத்துவமனையில் குழந்தை பெற்ற மார்ஜரி கார்மெல் என்ற அமெரிக்கப் பெண் 1959-இல் அந்த அனுபவத்தை நூலாக எழுதினார். அடுத்த ஆண்டே அவரும் எலிசபெத் பிங் என்ற பயிற்சியாளரும் சேர்ந்து அமெரிக்காவில் இதற்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அது அங்கே காட்டுத்தீயாகப் பரவியதற்குக் காரணம் உண்டு. அன்றைய அமெரிக்க மருத்துவமனைகளில் 'அந்தி உறக்கம்' என்ற பெயரில் ஸ்கோபோலமினும் மார்பினும் கொடுத்து, நினைவு தங்காத மயக்கத்தில் பெண்களைப் பிரசவிக்க வைத்தார்கள். மருந்தின் பிதற்றலில் கட்டிலிலிருந்து விழாதிருக்கக் கைகளைக் கட்டி வைப்பதும் நடந்தது. தன் குழந்தை பிறப்பதைத் தானே பார்க்க வேண்டும், கணவன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற கோரிக்கையின் கருவியாக மூச்சுப் பயிற்சி அங்கே வந்தது. நம் பெண்ணின் நிலை நேர் எதிர். அவள் முழு விழிப்போடுதான் பெறுகிறாள்; மருந்தும் கிடைப்பதில்லை, பயிற்சியும் கிடைப்பதில்லை. ஆகையால் அமெரிக்க வாதங்களை அப்படியே இங்கே இறக்கி, "மருந்து வேண்டாம், மூச்சே போதும்" என்று முழங்குவது பொருந்தாது. மருந்தை மறுக்க, முதலில் அது கைக்கு எட்ட வேண்டும்.

இனி உடலுக்குள் நடப்பதைப் பார்ப்போம். கர்ப்ப காலத்தில் புரோஜெஸ்டிரான் ஹார்மோனின் தூண்டுதலால் ஒரு பெண் ஒரு நிமிடத்தில் உள்ளிழுக்கும் காற்று ஏறத்தாழ 40 முதல் 50 சதவீதம் வரை கூடிவிடுகிறது. இரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தம் வழக்கமான 40 மில்லிமீட்டரிலிருந்து 30-ஐ ஒட்டி இறங்கிவிடுகிறது. கடும் வலியில் அவள் வேகவேகமாக மூச்சு வாங்கும்போது அது 20-க்கும் கீழே போகலாம். அப்போது உதட்டைச் சுற்றி மரமரப்பு, விரல் நுனியில் ஊசி குத்துவது போன்ற உணர்வு, தலைசுற்றல் எல்லாம் வரும். சிலருக்கு விரல்கள் மடங்கி இறுகிவிடும். கருப்பைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கும். தாயின் இரத்தம் ஆக்சிஜனை இறுகப் பிடித்துக் கொண்டு குழந்தைக்கு எளிதில் விட்டுக் கொடுக்காது. வலி ஓய்ந்ததும், வேகமாக விட்ட மூச்சுக்கு ஈடாகச் சுவாசம் மந்தமாகி ஆக்சிஜன் அளவு சற்றுக் குறையவும் செய்யும். ஆக, லமாஸ் சேர்த்த அந்த வேக மூச்சு, வலியில் உடல் தானாகவே செய்யும் தவறைப் பயிற்சி கொடுத்து வளர்ப்பதாக முடிந்தது. அவர் பெயரைத் தாங்கிய அமைப்பே பின்னாளில் குறிப்பிட்ட மூச்சு வகைகளை மையமாக வைப்பதை விட்டுவிட்டது.

மெதுவான மூச்சின் கதை வேறு. உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீட்டும்போது இதயத் துடிப்பு தணிகிறது. தோளும் தாடையும் தளர்கின்றன. இதோடு கவனத்தின் பங்கும் உண்டு. 1965-இல் மெல்ஸாக், வால் என்ற இருவர் முன்வைத்த கதவுக் கொள்கைப்படி, தண்டுவடத்தில் வலிச் செய்திகளைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும் ஓர் அமைப்பு இருக்கிறது. மூளையிலிருந்து வரும் கட்டளைகளும் தோலைத் தடவுவது போன்ற பிற உணர்ச்சிகளும் அதைப் பாதிக்கும். மூச்சுப் பயிற்சிக்காரர்கள் இந்தக் கொள்கையை உற்சாகமாகத் தூக்கிப் பிடித்தார்கள். ஆனால் அந்த மெல்ஸாக்கே மான்ட்ரியாலில் பிரசவ வலியை அளந்து பார்த்தபோது, பயிற்சி பெற்ற பெண்களுக்கும் வலி கடுமையாகவே இருந்தது. குறைவு ஏற்பட்டிருந்தது, ஆனால் சிறிதளவே. அவர்களில் பெரும்பாலோர், முதுகுத்தண்டருகே மருந்து செலுத்தி வலியை மரக்கச் செய்யும் எபிடியூரலைக் கேட்டார்கள். 1984-இல் அவர் எழுதிய கட்டுரைக்கு 'வலியில்லாப் பிரசவம் என்னும் கட்டுக்கதை' என்றே தலைப்பிட்டார். வலி நிவாரணம் கேட்ட பெண் தோற்றுப்போனதாகக் குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை என்பது அவருடைய அழுத்தமான கருத்து. இந்தத் துறையில் எழுதியவர்களில் அவர் மீது எனக்கு மதிப்பு அதிகம்.

பிற்கால ஆய்வுகளில் இரண்டை எதிரெதிரே வைத்துப் படிக்க வேண்டும். சுவீடனில் முதல் பிரசவத்துக்குக் காத்திருந்த 1,087 பெண்களை இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மூச்சும் தளர்வும் கொண்ட பயிற்சி, மற்றதற்கு அந்தப் பயிற்சி இல்லாத வழக்கமான வகுப்பு. 2009-இல் வெளியான முடிவில் இரு குழுக்களிலும் எபிடியூரல் போட்டுக் கொண்டவர்கள் சரியாக 52 சதவீதம். துளியும் வேறுபாடில்லை. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 176 பெண்களை வைத்து நடந்து 2016-இல் வெளிவந்த ஆய்விலோ, பயிற்சி பெற்றவர்களில் ஏறத்தாழ 24 சதவீதத்தினரும், பெறாதவர்களில் 69 சதவீதத்தினரும் எபிடியூரல் போட்டுக் கொண்டார்கள். சிசேரியனும் முதல் குழுவில் குறைவு.

எதை நம்புவது? இரண்டையும் நம்பலாம் என்பது என் எண்ணம். சிட்னியில் கற்றுக் கொடுத்தது மூச்சை மட்டுமல்ல. அக்குபிரஷர், மசாஜ், யோகா, மனக்காட்சி ஆகியவற்றையும், துணையாளர் எப்படி உதவ வேண்டும் என்பதையும் சேர்த்து இரண்டு நாள் கற்றுத் தந்தார்கள். சுவீடனிலோ ஒப்பீட்டுக் குழுவுக்கும் வகுப்பு உண்டு. மருத்துவச்சிகளின் நல்ல கவனிப்பும் ஏற்கெனவே உண்டு. எல்லாம் வாய்த்த இடத்தில் மூச்சு மட்டும் தனியாக நின்று பெரிய மாற்றம் காட்டாது போலும். இதில் இன்னொரு எச்சரிக்கையும் தேவை: எந்தக் குழுவில் இருக்கிறோம் என்பது பெண்களுக்குத் தெரியும், ஆகவே எதிர்பார்ப்பும் முடிவில் கலந்துவிடும். பல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் குழு 2018-இல், தளர்வுப் பயிற்சிகளும் யோகாவும் வலியைக் குறைக்கக்கூடும், ஆனால் சான்றின் தரம் தாழ்வானது என்றே சொன்னது. வலியைத் தணிப்பதில் எபிடியூரலுக்கு நிகரானது இவற்றில் எதுவும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல், வலி நிவாரணம் கேட்கும் ஆரோக்கியமான பெண்ணுக்கு அவள் விருப்பப்படி எபிடியூரலையும் பரிந்துரைக்கிறது, மூச்சு, தசைத் தளர்வு, இசை போன்றவற்றையும் பரிந்துரைக்கிறது. இரண்டையும் பகையாக்காமல் ஒரே பட்டியலில் வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படுகிறது.

பெண் ஒருத்திக்கு இதில் எது தெரிந்திருந்தால் போதும்? வலி வலுக்கும் கட்டத்தில் பத்து நிமிடத்துக்கு மூன்று, நான்கு வலிகள் வரும். ஒவ்வொன்றும் முக்கால் நிமிடம் முதல் ஒரு நிமிடம். அப்படியானால் பத்து நிமிடத்தில் ஆறேழு நிமிடம் வலியே இல்லை. இதை யாரும் அவளிடம் எடுத்துச் சொல்வதில்லை. நிதானமாக விட்டால் ஒரு வலிக்கு ஏழெட்டு மூச்சு. இறுகத் தொடங்குவதை அடிவயிற்றில் உணர்ந்ததும் முதலில் ஒரு பெருமூச்சை வெளியே விட வேண்டும். பிறகு மூக்கால் மெல்ல இழுத்து, உதடு குவித்தோ வாய் திறந்தோ நீளமாக விட வேண்டும். நான்காவது மூச்சில் வலி உச்சத்தில் நிற்கும். அப்போது பல்லைக் கடிக்கிறோமா, கட்டில் கம்பியை இறுக்குகிறோமா என்று பார்த்துத் தளர்த்த வேண்டும். ஆறாவது மூச்சில் இறங்கத் தொடங்கியது தெரியும். முனகினால் தவறே இல்லை. நீண்ட முனகலும் நீண்ட வெளிமூச்சுதான். உதடு மரத்தால் வேகம் கூடிவிட்டது என்று பொருள். இரு கைகளையும் குவித்து வாய்மேல் வைத்து நிதானமாக விட்டால் சரியாகும். இடைவேளையில் பயிற்சி எதுவும் வேண்டாம், கண்ணை மூடிக் கிடந்தால் போதும். இதை ஏழாம் மாதத்திலிருந்து தினம் பத்து நிமிடம் பழகியவளுக்குத்தான் அந்த நேரத்தில் கைகொடுக்கும். வலி எடுத்த பிறகு கட்டிலருகே வந்து கற்றுக் கொடுப்பது கிட்டத்தட்ட வீண்.

பிராணாயாமம் பழகியவர்கள் நம்மிடையே நிறைய. பிராமரியில் வண்டு ரீங்காரம் போல ஒலித்தபடி மூச்சை நீட்டி விடுவது மேலே சொன்னதற்கு நெருங்கிய உறவு, அது நல்லது. கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேக மூச்சுகளையும், மூச்சை அடக்கும் கும்பகத்தையும் கர்ப்பத்தில் தவிர்ப்பதே யோகா ஆசிரியர்களின் பொதுவான அறிவுரை.

இப்போது அந்த ஒற்றை வாசகத்துக்கு வருவோம். மூச்சை இழுத்துப் பிடித்து, வாயை மூடி, பத்து எண்ணும்வரை முக்கச் சொல்வது பல நாடுகளில் பல பத்தாண்டுகளாக வழக்கம். உருகுவே நாட்டு மருத்துவர் கால்தெய்ரோ-பார்சியா 1970-களிலேயே, நெடுநேரம் மூச்சை அடக்குவது குழந்தைக்குக் கிடைக்கும் ஆக்சிஜனைக் குறைக்கக்கூடும் என்று எச்சரித்தார். கட்டளைப்படி முக்குவதையும் பெண் தன் உந்துதலின்படி முக்குவதையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பிரசவ நேரத்திலோ கிழிசலிலோ தெளிவான வேறுபாடு தென்படவில்லை. நன்மை நிறுவப்படாத ஒன்றுக்காக ஒருத்தியை அதட்டுவானேன்? தன் உந்துதலைப் பின்பற்ற அவளை ஊக்குவிக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிற்றின் மேற்புறத்தை அமுக்கிக் குழந்தையைத் தள்ளுவது கூடாது என்றும் அதே ஆவணம் சொல்கிறது. நம்மிடம் இன்னும் ஒழியாத பழக்கம் அது. எபிடியூரல் போட்டு உந்துதல் தெரியாதவளுக்கு வழிகாட்டல் தேவைப்படும், அது வேறு விஷயம். லமாஸின் மேலோட்டமான வேக மூச்சுக்கும் இங்கே ஓர் இடம் மிச்சம் உண்டு: தலை வெளியே தெரிந்து, "இப்ப முக்காதே" என்று நர்ஸ் சொல்லும் அந்தச் சில நொடிகள். வாய் திறந்து 'ஹா, ஹா' என்று விட்டால் முக்க வராது. தலை மெல்ல வரும், சதை கிழிவதைக் குறைக்க உதவும்.

தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. இது பெருமைக்குரியது. அதே ஆய்வின்படி 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம். இதற்குக் காரணங்கள் பல. "வலி தாங்க மாட்டா, ஆபரேஷனே பண்ணிடுங்க" என்று குடும்பமே கேட்பதும் அவற்றில் ஒன்று. அந்தக் கேள்வியைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. எபிடியூரலும் எளிதில் கிடைக்காமல், பயிற்சியும் இல்லாமல், அதட்டல் மட்டும் காத்திருக்கும் அறைக்கு மகளை அனுப்பத் தயங்குவது இயல்பு.

மூச்சைவிடப் பலமான சான்று உள்ள ஒன்று இருக்கிறது, அது துணை. பிரசவம் முடியும்வரை ஒருவர் இடைவிடாது உடனிருப்பது பற்றி 15,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த ஆய்வுகளைக் காக்ரேன் 2017-இல் திரட்டியது. துணை இருந்த பெண்களுக்குச் சிசேரியன் குறைந்தது, வலி மருந்தின் தேவை குறைந்தது, பிரசவ நேரமும் சற்றுக் குறைந்தது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் உடன் ஒரு பெண் உறவினரை அனுமதிக்கும் திட்டம் உண்டு. 2017 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய 'லக்ஷ்யா' திட்டமும் அதை வற்புறுத்துகிறது. ஆனால் அம்மாவோ அத்தையோ அக்காவோ உள்ளே போய் என்ன செய்வது என்று யார் சொல்லித் தருகிறார்கள்? பல இடங்களில் அவர் துணி எடுத்துக் கொடுக்கவும், மருந்துச் சீட்டோடு ஓடவும்தான் நிற்கிறார். அவரே பயந்து அழுதால் பெண்ணின் மூச்சும் தாறுமாறாகும்.

மாதந்தோறும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கான சிறப்புப் பரிசோதனை நடக்கிறது. ஸ்கேனுக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் வரிசையில் பெண்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் கூட வந்தவரும் உட்கார்ந்திருக்கிறார். அந்த நேரத்தில் அரை மணி போதும், இருவருக்கும் சேர்த்தே கற்றுத் தரலாம். ஒரு வலி எவ்வளவு நேரம், எத்தனை மூச்சு, தோளில் கை வைத்து "விடு, மெதுவா விடு" என்று அவள் மூச்சோடு சேர்ந்து மூச்சு விடுவது எப்படி, எப்போது பேசாமல் இருக்க வேண்டும். இடைவேளையிலும் விடாத வலி, இரத்தப்போக்கு, பனிக்குடம் உடைந்து பச்சை நிறத்தில் வரும் நீர், குறைந்துவிட்ட குழந்தை அசைவு ஆகியவற்றைக் கண்டால் மூச்சை விட்டுவிட்டு உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும் என்பதையும் அதே அரை மணியில் சொல்ல வேண்டும். அந்தப் பெண் எபிடியூரலோ ஊசியோ கேட்டால் "இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று துணையாள் தடுக்கக் கூடாது. அவளுக்காகப் போய் மருத்துவரிடம் கேட்பதும் அவர் வேலைதான். இதற்குப் புதிய கட்டடமோ கருவியோ தேவையில்லை. கற்றுத் தரத் தெரிந்த செவிலியர் ஒருவரும், அந்த அரை மணிக்கு அவரை வேறு வேலையிலிருந்து விடுவிக்கும் ஓர் உத்தரவும் வேண்டும்.